பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: வீட்டுக்கு ஒரு பதில், கடைக்கு வேறு பதில்

நீங்கள் கேட்டது இது. புது வண்ணாரப்பேட்டையில் வீடு. 2016-ல் வாங்கிய லேப்டாப், ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுபோனது. 11 போடப் போனால் இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. தங்கை பி.காம். படிக்கிறார். அப்பா தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸும் டிடிபியும் சேர்ந்த கடை வைத்திருக்கிறார், அங்கே ஒரு பழைய டெஸ்க்டாப். இரண்டிலும் விண்டோஸுக்குப் பதில் ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டுவிடச் சொல்கிறார்கள், கம்ப்யூட்டர் பற்றிப் பெரிதாகத் தெரியாத எங்களுக்கு அது எளிதாக இருக்குமா என்று கேட்கிறீர்கள்.

வீட்டு லேப்டாப்புக்குப் போடலாம். கடை டெஸ்க்டாப்பில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். லினக்ஸ் இரண்டு இடத்திலும் ஒரே லினக்ஸ்தான். கம்ப்யூட்டரில் என்னென்ன செருகியிருக்கிறது, பத்து வருடமாக எந்த மாதிரி ஃபைல்கள் சேர்ந்திருக்கின்றன, எந்த மென்பொருளை நம்பிப் பிழைப்பு ஓடுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அது எளிதா கடினமா என்பதை முடிவு செய்யும். புதிதாக மாறுபவர்கள் மெனு எங்கே, பட்டன் எங்கே என்றுதான் பயப்படுகிறார்கள். அது இரண்டு நாளில் பழகிவிடும். ஆளைத் திண்டாட வைப்பது பிரிண்டர், எழுத்துரு, ஒரே ஒரு விண்டோஸ் மென்பொருள் இந்த மாதிரி விஷயங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாதவை. பிரவுசருக்குள் நடக்கும் எதுவும் லினக்ஸில் அப்படியே நடக்கும்: மெயில், யூடியூப், பேங்க் சைட், வாட்ஸ்அப் வெப், கூகுள் மீட், ரயில் டிக்கெட், கல்லூரி ஃபீஸ் கட்டுவது. பயர்பாக்ஸ் கூடவே வரும். குரோம் வேண்டுமென்றால் கூகுளே லினக்ஸுக்குத் தருகிறது. ஜூமுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. பாட்டு, படம், பிடிஎஃப், போனிலிருந்து யூஎஸ்பி வழியே போட்டோ எடுப்பது, இவற்றுக்கெல்லாம் எதையும் தேடிப் போட வேண்டியதில்லை. வேர்டு ஃபைலை இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸ் திறக்கும். சாதாரணக் கடிதம், பயோடேட்டா என்றால் வித்தியாசமே தெரியாது. நெருக்கமாக டேபிள் போட்டு, படம் ஒட்டி, பக்கம் அளந்து செய்த ஃபைல் என்றால் வரி நகரும். அதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். கேலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியா என்று அதே அகலத்தில் செய்த இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. அவை போடப்பட்டிருந்தால் நகர்வு குறையும். தமிழில் விண்டோஸின் லதா, நிர்மலா எழுத்துருக்களை வைத்துச் செய்த ஃபைல் வேறு தமிழ் எழுத்துருவில் திறக்கும். படிக்கலாம், ஆனால் பக்கக் கணக்கு மாறும்.

நடக்காது என்று உறுதியாகத் தெரிந்தவையும் உண்டு. மைக்ரோசாப்ட் ஆபீஸ், போட்டோஷாப், கோரல் டிரா, பேஜ்மேக்கர் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. கணக்கு எழுதும் டேலி பிரைமும் விண்டோஸுக்கானதுதான். வைன் என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும், அதில் டேலி ஓடுகிறது என்பார்கள். சிலருக்கு ஓடுகிறது, அடுத்த அப்டேட்டில் நின்றும் போகிறது. கற்றுப்பார்க்க ஆசைப்பட்டால் சரி. தேர்வுக்கு முந்தின நாள் அதை நம்பி உட்காரக் கூடாது. விண்டோஸை லினக்ஸுக்குள் பெட்டி போட்டு ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு 8 ஜிபி ரேமாவது வேண்டும், உங்கள் 4 ஜிபியில் இரண்டும் சேர்ந்து மூச்சுத் திணறும். வேலொரண்ட் போல ஆன்டி-சீட் பூட்டு போட்ட விளையாட்டுகளும் ஓடாது. ஆக, தங்கைக்கு டேலி வேண்டும் என்றால் அந்த லேப்டாப்பில் விண்டோஸும் ஒரு ஓரமாக இருந்தாக வேண்டும். அதை எப்படி வைப்பது என்பதுதான் இந்தப் பதிலில் உருப்படியான பகுதி.

அதற்கு முன்னால் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப் பறக்கும் என்பதில் பாதிதான் உண்மை. 2016 லேப்டாப் ஆமையாக நகர முதல் காரணம், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதில் சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி சாட்டா ரகம் ஒன்று போட்டால் விண்டோஸே எழுந்து ஓடும், லினக்ஸ் இன்னும் நன்றாக ஓடும். ரேமுக்கும் இன்னொரு 4 ஜிபி சேர்க்க முடிந்தால் சேருங்கள். லினக்ஸ் தனக்கு எடுத்துக்கொள்வது குறைவு, ஆனால் அது வந்துவிட்டதால் குரோம் மெலிந்துவிடாது. பத்து டேப் திறந்தால் இங்கேயும் அதே பசிதான். ஆறாம் தலைமுறை லேப்டாப்களில் டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டும் வந்தன, ஒன்று மற்றதில் உட்காராது. உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். திறந்த கையோடு ரேமைக் கழற்றி அதன் பொன்னிறக் கால்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டுங்கள். கடல் காற்று வரும் பகுதியில் இருக்கும் வீட்டில் அது கறுத்திருக்க வாய்ப்பு அதிகம். இன்ஸ்டால் நடுவில் காரணமே இல்லாமல் உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லினக்ஸ் பல பெயர்களில் வருகிறது, எந்த லினக்ஸ் என்பதில் ரொம்ப அலைய வேண்டாம். விண்டோஸிலிருந்து வருபவருக்கு லினக்ஸ் மின்ட். நம் பக்கத்தில் மின்ட் என்றால் தங்கசாலை பஸ் ஸ்டாண்டு நினைவுக்கு வரும். இது புதினா மின்ட், சின்னமும் பச்சை நிறம்தான். கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி, வைஃபை என்று விண்டோஸ் 7-ல் பழகிய கைக்கு அந்நியமாகப் படாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. சினமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்களில் வரும்: 8 ஜிபி ரேம் என்றால் சினமன், 4 ஜிபியோடு நிற்பதாக இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ. உபுண்டுவோ ஜோரினோ குறைந்தது என்று சொல்லவில்லை. வாரத்துக்கொன்று மாற்றிப் பார்ப்பவர் எதையும் கற்பதில்லை, அவ்வளவுதான்.

இனி வேலை. மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து, மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்கள், 3 ஜிபிக்கு அருகில் வரும். பாதியில் நெட் விட்டு விட்டு வந்திருந்தால் ஃபைல் பழுதாகியிருக்கலாம். அதே பக்கத்தில் எஸ்எச்ஏ256 என்று ஒரு நீளமான எண்ணெழுத்து வரிசை கொடுத்திருப்பார்கள். 7-ஜிப் போட்டிருந்தால் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்தே அதைக் கணக்கிடலாம்; இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இந்த இரண்டு நிமிட வேலையைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் இன்ஸ்டால் 70 சதவீதத்தில் நிற்கிறது என்று வந்து நிற்பார்கள். பிறகு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து அதை எழுதுங்கள், ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா என்று கேட்டால் ஐஎஸ்ஓ. பென்டிரைவில் இருந்தது எல்லாம் போய்விடும். பிளாட்பாரத்தில் மலிவாகக் கிடைக்கும் 64 ஜிபி பென்டிரைவ் வேண்டாம். மேலே எழுதியிருக்கும் அளவு உள்ளே இல்லாத சரக்கு நிறைய சுற்றுகிறது.

லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்த கையோடு பூட் மெனு (எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும் பட்டியல்) சாவியைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா, ஏசர் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஏசஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் எஃப்2 தட்டி, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் எஃப்12 மெனுவை முதலில் இயக்க வேண்டும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் நேராகத் திரைக்கு வந்துவிடும். இது லைவ் மோடு. உங்கள் டிஸ்க்கில் இதுவரை எதுவும் மாறவில்லை. ஓடுமா ஓடாதா என்ற சந்தேகமெல்லாம் தீரும் இடம் இதுதான், வேறு யாருடைய வாக்கையும் விட இந்த அரை மணி நேரச் சோதனை மேல். வைஃபை பட்டியல் வருகிறதா, வந்தால் இணைகிறதா பாருங்கள். ஒரு வீடியோ ஓட்டி ஸ்பீக்கரைக் கேளுங்கள், பிறகு ஹெட்போன் செருகிக் கேளுங்கள். கேமரா, மைக், திரை வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் சாவி, டச்பேடில் இரண்டு விரல் உருட்டல், புளூடூத். முக்கியமாக, மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கி எழாமல் கறுப்புத் திரையோடு நிற்கும் லேப்டாப்கள் உண்டு. வேகத்தை மட்டும் இதில் எடை போடாதீர்கள், பென்டிரைவிலிருந்து ஓடுவதால் தட்டுத்தடுமாறித்தான் நகரும்.

வைஃபை வராவிட்டால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் லினக்ஸ் அதை நெட் என்று எடுத்துக்கொள்ளும். டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் சிப்புக்கு டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) காட்டும். ரியல்டெக் சிப்புகளில் பல, லினக்ஸின் மையப் பகுதியான இப்போதைய கெர்னலிலேயே ஓடிவிடுகின்றன, சில மாடல்கள் இன்னும் முரண்டு பிடிக்கும். அப்படிப்பட்டது வாய்த்தால் இணையத்தில் சொன்ன கட்டளைகளை அடித்து இரவைக் கழிப்பதைவிட, லினக்ஸில் நேராக ஓடும் என்று உறுதியான ஒரு சின்ன யூஎஸ்பி வைஃபை வாங்குவது மலிவு.

இப்போது நான் சொன்ன அந்த உருப்படியான பகுதி. 2016 லேப்டாப் பலவற்றில் டிவிடி டிரைவ் இருக்கும். அதை யாரும் பயன்படுத்துவதில்லை. அதே இடத்தில் உட்காரும் கேடி என்ற சட்டம் கிடைக்கும், அதில் ஹார்ட் டிஸ்க்கை வைத்து உள்ளே தள்ளிவிடலாம். கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு கனத்தில் வருகிறது. எஸ்எஸ்டியும் கேடியும் வாங்க ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால், டிவிடி டிரைவைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதன் இடத்தில் எஸ்எஸ்டியை மட்டும் போட்டு லினக்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவு என்ற தேர்வையே அமுக்கலாம். உள்ளே காலி எஸ்எஸ்டியைத் தவிர ஒன்றும் இல்லை, எதை அழித்துவிடும்? நடுவில் கரண்ட் போய், பழைய பேட்டரியும் கைவிட்டால்கூட முதலிலிருந்து ஆரம்பித்தால் போதும். எல்லாம் முடிந்து ஒருமுறை எஸ்எஸ்டியிலிருந்து எழுந்த பிறகு, பழைய டிஸ்க்கைக் கேடியில் வைத்துத் தள்ளுங்கள். சாதாரணமாக லினக்ஸ் எழும். டேலி வேண்டிய நாளில் தங்கை பூட் மெனு சாவியைத் தட்டி விண்டோஸைத் தேர்ந்துகொள்வார். டேலிக்கு நெட் தேவைப்படாத வேலை என்றால் அந்த விண்டோஸை நெட்டில் சேர்க்காமலே வைத்திருக்கலாம், அப்டேட் நின்ற கவலை அதோடு பாதி போச்சு. கேடியிலிருந்து பூட் ஆக மறுக்கும் சில மாடல்கள் உண்டு. அப்படியானால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பழைய டிஸ்க்கை வெளியே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மின்ட்டின் இன்ஸ்டாலர், நாம் எஸ்எஸ்டியைக் காட்டினாலும், லினக்ஸை எழுப்பிவிடும் பூட் லோடரைக் கொண்டுபோய் முதல் டிஸ்க்கில் உள்ள விண்டோஸின் பூட் பகுதியில் வைத்துவிடும் பழக்கம் உள்ளது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க் பழுதாகும் நாளில் நன்றாக இருக்கும் லினக்ஸும் எழாது.

எஸ்எஸ்டி வாங்க இப்போது முடியாது, இருக்கிற ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைக்க வேண்டும் என்றால், அதுவும் முடியும், ஆனால் பள்ளங்கள் அதிகம். பெரிய பள்ளம் இது: விண்டோஸில் ஃபார்மட் அடிப்பவர்கள் சி-யில்தான் போடுகிறோம், டி-யில் இருக்கும் கல்யாண போட்டோ பத்திரம் என்று சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். லினக்ஸுக்கு சி, டி என்ற கணக்கே கிடையாது. அழித்து நிறுவு என்று சொன்னால் முழு டிஸ்க்கும், டி, ஈ எல்லாம் சேர்த்து, ஒரே வழிப்பாக வழித்துவிடும். ஆகவே வேண்டியதை எல்லாம் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்தும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 50 ஜிபியாவது சுருக்கி இடம் விடுங்கள். டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால் அணைத்து, அது முழுவதும் அவிழ்ந்து முடியும்வரை காத்திருங்கள். பவர் ஆப்ஷனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் உண்மையில் அணைவதில்லை, பாதி தூக்கத்தில் இருக்கும், லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா மோடு, ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கிறதா பாருங்கள், ஏஎச்சிஐ ஆக இருக்க வேண்டும். ஆனால் விண்டோஸை சேஃப் மோடில் எழச் சொல்லி வைக்காமல் அதை மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு படுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்து லினக்ஸை மறைத்துவிடுவதும் நடக்கும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து உள்ளதை மட்டும் எழவிடும் பூட்டு) ஆனில் இருந்த பலருடைய லினக்ஸை எழவிடாமல் செய்தது. பூட் மெனுவில் உபுண்டு என்ற பெயரைத் தேடுங்கள், மின்ட் அந்தப் பெயரில்தான் அங்கே ஒளிந்திருக்கும். விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினாலும் பயப்படாதீர்கள். லினக்ஸ் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை நம் நேரம் என்று படிக்கிறது. பேட்டரி மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் ஏமாறாமல் இருந்தால் சரி.

இன்ஸ்டால் கேள்விகள் சிலவே. மொழியில் தமிழும் இருக்கிறது, ஆனால் முதல் ஆண்டு ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தியை அப்படியே தேடிப் பதில் கண்டுபிடிக்க அது உதவும். விசைப்பலகை அமெரிக்க ஆங்கிலம். நேரத்துக்கு வரைபடத்தில் சென்னையைத் தேடாதீர்கள், இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாதான். மல்டிமீடியா கோடெக் போடவா என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். அந்த டிக்கால், செக்யூர் பூட் ஆனில் உள்ள கணினிகளில் ஒரு கடவுச்சொல் கேட்கும். எளிதாக ஒன்று கொடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். முதல் ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து, பத்து விநாடிக்குள் ஏதாவது சாவியைத் தட்டச் சொல்லும். வைரஸ் என்று நினைத்துப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து, கன்டினியூ, யெஸ், பிறகு தாளில் எழுதிய கடவுச்சொல், ரீபூட். இதைத் தவறவிட்டால், வெளியிலிருந்து வரும் வைஃபை, என்விடியா டிரைவர்கள் பட்டியலில் போட்டதாகத்தான் காட்டும், ஆனால் இயங்காது. டிரைவர் போட்டேன், வைஃபை வரவில்லை என்ற புலம்பலில் கணிசமான பங்கு இந்தப் பத்து விநாடியில் பிறந்தது.

உள்ளே வந்ததும் அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள், அடுத்து, சிஸ்டத்தின் நகலை எடுத்துவைக்கும் டைம்ஷிஃப்டைத் திறந்து வாரம் ஒரு ஸ்னாப்ஷாட், இரண்டு மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லுங்கள். ஏதாவது அப்டேட் கெடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப இதுதான் வழி. திரையே வராவிட்டால் அதே பென்டிரைவில் எழுந்து டைம்ஷிஃப்டைத் திறந்து மீட்கலாம். அதனால் அந்தப் பென்டிரைவை அழித்துவிடாமல் டிராயரில் போட்டு வையுங்கள். ஆனால் டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் காக்கும். உங்கள் போட்டோவுக்கும் தங்கையின் நோட்ஸுக்கும் தனியாக நகல் வேண்டும். மென்பொருள் வேண்டுமென்றால் கூகுளில் தேடி இஎக்ஸ்இ இறக்கும் பழக்கத்தை விட்டு, சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள். போன் பிளே ஸ்டோரில் பழகியவருக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். டெர்மினல் (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் சாளரம்) தெரியாமல் லினக்ஸ் ஓட்ட முடியாது என்பது பழைய கதை, அன்றாட வேலைக்கு அது வேண்டாம். பழுது வரும் நாளில் வேண்டியிருக்கும். யாரோ எழுதிய கட்டளையைப் புரியாமல் ஒட்டாதீர்கள். முழு அதிகாரம் கேட்கும் சூடோ என்ற சொல்லில் தொடங்கினால், வீட்டுச் சாவியைக் கொடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தட்டச்சு பல விண்டோஸ்காரர்கள் நினைப்பதைவிடச் சுலபம். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் போட்டு, இன்புட் மெத்தட் சாளரத்தில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக் அவுட் ஆகி வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழைச் சேர்க்கப் போனால் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் பட்டியலில் இருக்கும். கீபோர்டு செட்டிங்கிலும் தமிழ்நெட் 99 என்று ஒன்று தெரியும். பார்த்தவுடன் அதைப் பிடித்துக்கொண்டு ஏமாறாதீர்கள்: தமிழ்99-ல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும், அந்தப் புத்தி எம்17என்-க்கு உண்டு, கீபோர்டு செட்டிங்கில் இருப்பதற்குக் கிடையாது.

இனி அப்பாவின் கடை. இங்கே முதல் கேள்வி பிரிண்டர். ஜெராக்ஸ் கடைகளில் உழைத்துத் தேய்ந்த கேனான் எல்பிபி 2900 என்றால், அது கேனானின் சொந்த மொழியான கேப்ட் பேசும் இயந்திரம். கேனான் தந்த லினக்ஸ் டிரைவர் பழையது, 32 பிட் துணைக் கோப்புகளைத் தேடி அலையும். ஓட வைத்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வரிசையில் நாலு பேர் ஆதார் நகலுக்கு நிற்கும்போது நின்றுபோகாது என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். எச்பி லேசர்ஜெட் 1020 இன்னொரு ரகம்: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் அதற்கு ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளை, ஊட்ட வேண்டும். லினக்ஸில் எச்பியின் டிரைவர் தொகுப்பான எச்பிலிப்பும் அதன் தனி பிளக்-இன்னும் போட்டால் ஓடும். எச்பிலிப் புதிதாகி பிளக்-இன் பழையதாக நின்றால் பச்சை விளக்கு எரியும், தாள் வராது. எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரிண்டர்களுக்கு எப்சனே டிரைவர் தருகிறது, பிரதருக்கும் அப்படியே. வைஃபை உள்ள புதிய பிரிண்டர் பெரும்பாலும் டிரைவரே கேட்காமல் ஓடும்.

அடுத்தது எழுத்துரு. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் லிப்ரே ஆபீஸில் திறக்கும், பாமினி டிடிஎஃப் ஃபைலை டபுள் கிளிக் செய்து நிறுவினால் போதும். ஆனால் அதில் தட்டும்போது ஒரு குறும்பு நடக்கும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் தமிழ் என்று தெரியாமல் ஆங்கிலம் என்று நினைத்துத் திருத்தும். பாமினியில் க இருக்கும் சாவியின் பெரிய எழுத்து கு. விளைவு, கடை என்று அப்பா அடித்தால் திரையில் குடை என்று நிற்கும். டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷனில் அந்த டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. வானவில் போலத் தன் சொந்தக் கீபோர்டு மென்பொருளோடு வருபவை லினக்ஸுக்கு வராது. பேஜ்மேக்கர் ஃபைலை லிப்ரே ஆபீஸ் டிரா திறந்து காட்டும், இங்க்ஸ்கேப் கோரல் ஃபைலை ஓரளவு திறக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அது போதும், பத்திரிகையை அப்படியே திருத்தி அச்சுக்கு அனுப்பப் போதாது. பத்து ஆண்டுக் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி மாதிரிகள் அந்த வடிவத்தில் இருக்கும்வரை கடை விண்டோஸிலேயே இருக்கட்டும். கைரேகைக் கருவியோ, ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ இருந்தால், விற்றவரிடம் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று கேட்டு, கண்ணால் ஓடப் பார்க்காமல் மாறவே கூடாது. கொஞ்ச காலம் தள்ள வேண்டுமென்றால், வீட்டுப் பயனாளருக்கு மைக்ரோசாப்ட் கணக்கோடு பதிந்தால் விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை நீள்கிறது. அதற்குப் பிறகு புது மெஷின் வாங்கும் கணக்கைப் போட வேண்டியதுதான். ரூஃபஸில் தடையைத் தாண்டி 11 ஏற்றலாம் என்பார்கள், ஏறும். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தொடரும் என்ற உறுதியை மைக்ரோசாப்ட் தரவில்லை.

ஒரே ஒரு வேலைக்குக் கடையில் லினக்ஸ் நன்றாகப் பொருந்தும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவில் இருக்கும் விண்டோஸ் வைரஸ்கள் லினக்ஸில் ஓடாது. மூலையில் ஒரு பழைய மெஷின் இருந்தால் அதில் மின்ட் போட்டு, பென்டிரைவை முதலில் அங்கே செருகி வேண்டிய பிடிஎஃப்பை மட்டும் எடுக்கலாம். லினக்ஸில் பென்டிரைவை எஜெக்ட் செய்யாமல் பிடுங்காதீர்கள். காப்பி முடிந்தது என்று காட்டிய பிறகும் பின்னால் எழுதிக்கொண்டிருக்கும். அவசரத்தில் உருவினால் ஃபைல் பெயர் இருக்கும், உள்ளே பாதிதான் இருக்கும்.

பழுது வந்தால் யாரிடம் போவது என்பதையும் யோசித்துவையுங்கள். தெருக்கோடி சர்வீஸ் கடையில் லினக்ஸ் லேப்டாப்பைக் கொடுத்தால், பெரும்பாலும் விண்டோஸ் போட்டுத் தரட்டுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கொடுக்கும்போதே டிஸ்க்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இலவசம் என்ற வாதம் நம் ஊரில் எடுபடாததற்கும் இதே கடைகள்தான் காரணம், விண்டோஸுக்கும் இங்கே யாரும் காசு கொடுப்பதில்லை. கூடவே வரும் கிராக் ஃபைலில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்ப்பதும் இல்லை. தமிழில் படித்துக் கற்க கணியம் தளத்தில் 2012 முதல் லினக்ஸ் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். நேரில் கேட்க சென்னையில் லினக்ஸ் பயனர் குழு நெடுங்காலமாக இருக்கிறது, அவர்களிடம் மாடல் எண்ணையும் பிழைச் செய்தியையும் அப்படியே கொண்டுபோனால் காது கொடுப்பார்கள். வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

லேப்டாப்பைப் பார்க்காமல் அதன் வைஃபை சிப் எது, மூடியைத் திறந்தால் எழுமா என்று என்னால் சொல்ல முடியாது, லைவ் பென்டிரைவ் சொல்லும். அதே பென்டிரைவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது கொண்டுபோய், அப்பாவின் டெஸ்க்டாப்பில் இன்ஸ்டால் எதுவும் செய்யாமல் லைவ் மோடில் எழுப்பி, பிரிண்டர் கேபிளை மாட்டி ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். தாள் வந்ததா, வரவில்லையா, பிரிண்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண் என்ன என்று எழுதுங்கள். கடைக்கான பதிலை அதை வைத்துத் திருத்திச் சொல்கிறேன்.